வெள்ளை மங்குவதில்லை

என் அண்ணனை நான்கு பேர் அடித்தார்கள். மூன்று பேர் கையால். நான்காமவன் பட்டத்துக்குக் காற்றடிக்கும் பம்பால். அந்தப் பம்பு இடுப்பளவு உயரம். அடியில் மிதித்துக்கொள்ள ஓர் இரும்புத் தகடு உண்டு. அண்ணனின் தாடையை உடைத்தது அந்தத் தகடுதான். எலும்பு உடைந்தால் பெரிய சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. குச்சியை ஈரத்துணிக்குள் சுற்றி வைத்து ஒடித்த மாதிரிதான் கேட்டது.

காலை பத்தரை மணி. நல்ல வெயில். பட்டறையிலிருந்து ஓடிவந்த நான் பத்தடி தூரத்தில் இருக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. போய்ச் சேர்ந்தபோது அவன் மணலில் குப்புறக் கிடந்தான். பம்பு மறுபடி இறங்கியது. குறுக்கே விழுந்தேன், என் தோளில் பட்டது. பம்பு பிடித்திருந்தவனின் முன்கையைக் கடித்தேன். வாயில் உப்பும் மணலும் ரத்தமும் வந்தன. யாரோ முதுகில் உதைத்தார்கள். பல்லை எடுக்கவில்லை.

"காத்து பாக்கத் தெரியாத நாயி. எங்க வீட்டுப் புள்ளைய அனுப்பிக் கொன்னுட்டான்" என்று ஒருவன் அழுதுகொண்டே அண்ணனின் விலாவில் மிதித்தான். அழுகையும் மிதியும் ஒரே தாளத்தில் வந்தன.

அவர்கள் வீட்டுப் பிள்ளை நாற்பது அடி தள்ளி, அலைதடுப்புச் சுவரின் கற்கள்மேல் கிடந்தார். பல் டாக்டர். இருபத்தாறு வயது. ஒருவர் துண்டைப் போட்டு முகத்தை மூடியிருந்தார். அவரைத் தூக்கிப்போன பட்டம் பாதி தண்ணீரிலும் பாதி கல்லிலுமாகக் கிடந்தது. ஆரஞ்சும் வெள்ளையும். நடுவில் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிசல்.

அந்தப் பட்டத்தின் பரிசோதனை அட்டையில் ஒன்பது நாளுக்கு முன்னால் 'நல்ல நிலையில் உள்ளது' என்று கையெழுத்துப் போட்டது நான்.

இவை பிள்ளைகள் நூலில் விடும் காகிதப் பட்டம் இல்லை. ஒரு சின்ன அறையின் கூரை அளவுக்குத் துணி. முன்விளிம்பில் காற்றடைத்த குழாய். நான்கு கயிறுகள் வந்து இடுப்புப் பட்டையில் சேரும். காலில் பலகையை மாட்டிக்கொண்டு தண்ணீர்மேல் இழுபட்டுப் போவார்கள். பழகியவர்கள் மூன்று மாடி உயரம் எகிறிப் பூப்போல இறங்குவார்கள். துணி முழுதாக இருக்கும்வரைதான் அந்தப் பூவெல்லாம். மேலே இருக்கும்போது கிழிந்தால் மூட்டை விழுவது மாதிரி விழ வேண்டியதுதான்.

பட்டங்களை வாடகைக்கு விடும் கம்பெனி அது. அண்ணன் கடற்கரையில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். நான் பட்டறையில் துணி பரிசோதிக்கிறவள். வேதியியல் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா கைநாட்டு. எனக்கு வேலை கிடைத்த அன்று அம்மா ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "எங்க, ஒரு கையெழுத்துப் போடு, பாக்கலாம்" என்று கேட்டாள். போட்டேன். அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், ஏதோ எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி. அண்ணன், "பாத்துக்கோங்க, இனிமே இவ கையெழுத்துப் போட்டாதான் பட்டமே பறக்கும்" என்றான். அவன் படிப்பை எட்டாம் வகுப்பில் நிறுத்தியதால்தான் நான் படித்தேன். அவன் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.

கடற்கரை மேனேஜருக்கு விசில் என்று பெயர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், குளிக்கும்போதும் கழற்ற மாட்டார் என்று பேச்சு. அடிதடி நடந்தபோது அவர் அதை ஊதவே இல்லை. போலீஸ் வந்த பிறகுதான் ஊதினார்.

இன்ஸ்பெக்டரிடம் அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். "பட்டத்துல ஒரு குறையும் இல்ல சார். அட்டையப் பாருங்க. பரிசோதனை பண்ணி, நம்பர் போட்டு, கையெழுத்து வாங்கியிருக்கோம். படிச்ச பொண்ணு போட்ட கையெழுத்து. காத்து கண்டபடி அடிக்கும்போது ஆளை அனுப்பினது இவன். கல்லுல மோதித்தான் துணி கிழிஞ்சிருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பி, அக்கறையாக, "தங்கச்சி, நீ கவலப்படாத. உன் கையெழுத்துதான் கம்பெனிய காப்பாத்துது" என்றார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஆனால் ஆட்டைக் கட்டிப்போட்ட கயிறு என்னுடையது.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாய் திறக்க முடியாது. இரண்டு விலா உடைந்திருந்தது. வாசலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிஸ்சார்ஜ் ஆனதும் அப்படியே கூட்டிப்போவார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு.

அம்மா சிரிஞ்சில் தண்ணீரை எடுத்து அவன் கடைவாய் இடுக்கில் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா. ரெண்டு பெத்தேன். ஒன்னு வாயில்லாம கெடக்குது. இன்னொன்னுக்கு வாய்தான் எல்லாம்" என்றாள். "இத்தன படிச்சியே, போலீசுகிட்ட நாலு வார்த்தை பேசி அவன விடச் சொல்ல மாட்டியா?"

"என்னன்னு பேசறது?"

"அவன் தப்பு பண்ணலன்னு பேசு."

"அப்ப யார் பண்ணினதுன்னு கேப்பாங்க."

"யாரோ பண்ணினது. உனக்கென்னடி வந்துச்சு?"

அண்ணன் விரலால் காற்றில் எழுதிக் காட்டினான். பேனாவும் நோட்டும் கொடுத்தேன். கோணல் எழுத்தில் எழுதினான். *காத்து சரியாதான் இருந்துச்சு. மேலயே கிழிஞ்சுது. கல்லுல இல்ல. நான் பாத்தேன்.*

"இதையே போலீசுக்கு எழுதிக் குடு."

அவன் என்னைப் பார்த்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, மற்றது ரத்தமாக இருந்தது. பிறகு எழுதினான். *மேல கிழிஞ்சதுன்னா அட்டை போட்டவள கேப்பாங்க. நீ வாயத் திறக்காத.*

அந்தத் தாளை அவனே கிழித்து, கசக்கி, தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டான்.

எனக்கு அவன் எழுதியது எரிச்சலைக் கிளப்பவில்லை. அவன் எழுதாமல் விட்டதுதான் சுட்டது. ஐந்து நாளுக்கு முன்னால், வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவன் என்னிடம் கேட்டான். "ஏய், அந்த ஆரஞ்சு வெள்ளை இருக்கில்ல, அது கையில ஒரு மாதிரி சொங்கியா இருக்கு. திருப்பினா லேட்டா திரும்புது. காத்து துணி வழியா ஒழுகுற மாதிரி தோணுது. ஒரு தடவ பாத்துரு."

"பாத்தாச்சு. தொள்ளாயிரத்துப் பத்து. புதுத் துணி மாதிரி இருக்கு."

"அப்படியா? எனக்கென்னமோ..."

"உனக்குக் கைதான் சொல்லுது. எனக்கு மெஷின் சொல்லுது."

அவன் சிரித்தான். "சரிங்க மேடம். நீ பாத்துட்டன்னா சரி."

மெஷின் என்று நான் பெருமையாகச் சொன்னது ஒரு ஸ்பிரிங் தராசு. நுனியில் ஊசி. துணியில் ஊசியைக் குத்தி, தராசை மெதுவாக இழுக்க வேண்டும். ஊசித்துளை நீளமாகக் கிழியத் தொடங்கும்போது முள் எதில் நிற்கிறதோ அதுதான் துணிக்கு மிச்சமிருக்கும் உயிர். அறுநூறு கிராமுக்குக் கீழே போனால் பட்டத்தை ஒதுக்கிவிட வேண்டும். பார்த்து முடித்ததும் துளையின்மேல் பொட்டளவு ஒட்டுத் துணி. அவ்வளவுதான் வேலை.

வெயில் துணியைத் தின்னும். உப்பு தின்னும். மணல் தேய்க்கும். முதலில் மேல்பூச்சு போய்விடும், புதுத்துணியின் அந்தக் காகிதச் சலசலப்பு அடங்கிவிடும். துணி நைந்து பழைய வேட்டி மாதிரி வழவழவென்று ஆகும். வாயை வைத்து ஊதினால் மூச்சு அந்தப் பக்கம் போகும். ஆரஞ்சு ஆறு மாதத்தில் வெளிறிப் பல்லிளிக்கும். சிவப்பு ரோஸ் ஆகும். கருப்பு சாம்பலாகும், ஆனால் கடைசிவரை தாங்கும். இதெல்லாம் நான் ஒப்பிப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே பட்டறைக்குப் போனேன். பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொல்லியிருந்தார். இறந்தவரின் அப்பாவும் ஊரிலிருந்து வந்துவிட்டாராம், அவரும் வருவார். பட்டம் தையல் மேஜைக்குக் கீழே ஈரக் குவியலாகக் கிடந்தது. இழுத்துத் தரையில் விரித்தேன்.

நான் வழக்கமாக ஊசி குத்தும் இடங்கள் மூன்று. இடது, வலது, நடு. மார்க்கர் பேனாவால் வட்டம் போட்டிருக்கும். மூன்றும் ஆரஞ்சில்தான். வெள்ளையில் குத்தக் கூடாது என்பது விசிலின் உத்தரவு. வெள்ளையில் ஒட்டுப் போட்டால் பளிச்சென்று தெரியும், வாடகைக்கு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

இடது வட்டத்துக்குப் பக்கத்தில் குத்தினேன். எண்ணூற்றுத் தொண்ணூறு. நடு, தொள்ளாயிரம். நான் எழுதியது பொய் இல்லை. கிழிசல் ஆரஞ்சில் எங்கேயும் போகவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். வெள்ளை ஆரம்பிக்கிற தையலில் தொடங்கி, வெள்ளையிலேயே ஓடி, அடுத்த தையலில் போய் நின்றிருந்தது.

வெள்ளையில் குத்தினேன். முள் நூறைத் தாண்டவில்லை. தராசை நான் இழுக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தராசின் கனத்துக்கே துணி விட்டுக்கொடுத்தது.

என் நோட்டை எடுத்துப் புரட்டினேன். அதே பட்டம், என் எழுத்து. மூன்று மாதத்துக்கு முன்னால் அறுநூற்று எழுபது. போன மாதம் அறுநூற்று இருபது. இந்த மாதம் தொள்ளாயிரத்துப் பத்து.

அறுநூற்று இருபதுக்கு அடுத்த வரியில் தொள்ளாயிரத்துப் பத்து என்று ஒருத்தி எழுதுகிறாள். எழுதிவிட்டு அடுத்த பட்டத்தை எடுக்கிறாள். துணிக்கு வயது திரும்புமா என்று அவளுக்குத் தோன்றவில்லை. அன்றைக்குப் பன்னிரண்டு பட்டம் பார்க்க வேண்டியிருந்தது, விசில் வாசலில் நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாம் உண்மை. ஆனால் எண் கூடியதைப் பார்த்து எனக்கு லேசாகச் சந்தோஷம் வந்ததும் உண்மை. ஒதுக்க வேண்டாம், சண்டை போட வேண்டாம், விசிலிடம் பேச்சு வாங்க வேண்டாம் என்கிற சந்தோஷம்.

பட்டறைக் கதவு திறந்தது. மேஸ்திரி. தையல் பிரிவுக்குத் தலைவர். எங்களுக்குப் பெரியப்பா முறை, அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். எங்கள் இருவரையும் இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவர். விரித்திருந்த பட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இத யாரும்மா எடுக்கச் சொன்னது?"

"ஆரஞ்சு புதுசா இருக்கு பெரியப்பா."

அவர் செருப்பைக் கழற்றி, ஜோடியாக வைத்து, அதைத் திரும்பச் சரிசெய்தார். "போன மாசம் மாத்தினேன். ரொம்ப மங்கிப் போச்சு, மங்கினதையெல்லாம் மாத்துங்கன்னு விசில் சொன்னாரு. அஞ்சு துண்டு மாத்தினேன்."

"வெள்ளைய?"

"வெள்ளை மங்கலியே."

"வட்டம்? பழைய துணியில இருந்த வட்டம் புதுத் துணியில எப்படி வந்துச்சு?"

"அதே எடத்துல நான்தான் போட்டேன். நீ தேடக் கூடாதுன்னு. உனக்கு உதவியா இருக்கட்டும்னு."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. நாற்பது வருடமாகத் துணி தைக்கிற மனிதர். வெளுத்தது கெட்டது, வெளுக்காதது நல்லது. வெள்ளைக்கு வெளுக்க என்ன இருக்கிறது? வெயில் அதை உள்ளே உள்ளேயே தின்றுவிட்டு, மேலே ஒரு கீறல்கூடக் காட்டாமல் வைத்திருந்தது. அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

"பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வரட்டும், காட்டறேன்."

"லூசு மாதிரி பேசாத. காட்டினா என்ன ஆகும்? நீ மாட்டுவ, நான் மாட்டுவேன். அவன் ஆம்பள, ரெண்டு வருசத்துல வெளிய வந்துருவான். நீ பொம்பளப் புள்ள. போலீஸ் கேசு ஒட்டிக்கிச்சுன்னா நாளைக்கு உன்னய எவன் கட்டுவான்?"

"ரெண்டு வருசம் உள்ள இருந்துட்டு வந்தா அவனுக்கு மட்டும் யாராவது பொண்ணு குடுப்பாங்களா?"

"எதுக்கு இப்ப எகிறுற? உங்க அப்பன் ஆத்தாள நெனச்சுப் பாரு."

"நெனச்சுதான் பேசறேன். ரெண்டு புள்ளைல எது உள்ள போகணும்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க."

அவர் பதில் சொல்வதற்குள் விசில் வந்துவிட்டார். கையில் பெட்ரோல் கேன். பட்டறைக்குப் பின்னால் வெட்டுத்துணிகளை எரிக்கும் இரும்புப் பீப்பாய் ஒன்று உண்டு. கேனைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது, என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது.

"தங்கச்சி, எந்திரி. அந்தக் குப்பைய எடுக்கணும்."

நான் பட்டத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "இன்ஸ்பெக்டர் பாத்துட்டு எடுக்கட்டும்."

"அவரு அட்டைய பாத்துட்டாரு. போதும்."

"துணியப் பாக்கல."

"பட்டம் வாங்கினவ பட்டத்து மேல உக்காந்திருக்கா பாரு" என்று மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தார். இந்த ஜோக்கை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாரம் ஒரு தடவை சொல்கிறார். மேஸ்திரி ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

விசில் கேனைக் கீழே வைத்தார். என் பின்னலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தார். தலைத்தோல் உரிகிற மாதிரி இருந்தது. பட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நானும் துணியும் சேர்ந்து தரையில் இழுபட்டோம். வெள்ளை பறபறவென்று இன்னும் கிழிந்தது. அவர் கழுத்துக் கயிறு என் கைக்கு எட்டியது. விசிலோடு சேர்த்துப் பிடித்து முறுக்கினேன். அவர் முகம் கறுத்தது. என் தலையைத் தூக்கி மேஜைக் காலில் மோதினார். ஒரு தடவை. மறுபடி. புருவம் பிளந்து கண்ணில் ரத்தம் வழிந்தது.

"சார், விடுங்க சார், பொண்ணு சார்" என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டே இருந்தார். நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை.

மேஜையைப் பிடித்து எழுந்தேன். விளிம்பில் சூட்டுக்கத்தி இருந்தது. நைலான் துணியைக் கத்தரியால் வெட்டினால் நூல் பிரியும், அதனால் கரண்டில் பழுக்கும் கத்தியால் உருக்கித்தான் வெட்டுவோம். காலையில் பரிசோதனைக்குத் துண்டு வெட்டலாம் என்று நானே சுவிட்சைப் போட்டு வைத்திருந்தேன். மேஸ்திரி அதைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பாய்ந்து போய் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். அந்தக் காலை முழுவதும் அவர் செய்த ஒரே வேலை அதுதான். பிளக்கைப் பிடுங்கினால் அது ஆற இரண்டு நிமிடம் ஆகும் என்பது அவருக்கும் தெரியும்.

விசிலின் கை மறுபடி என் பின்னலுக்கு வந்தது. அந்தக் கையின் மேல் கத்தியை வைத்தேன். வீசவில்லை, குத்தவில்லை. வைத்து, அழுத்தினேன். சீறியது. நைலான் கருகும் வாடையோடு இன்னொரு வாடையும் சேர்ந்து வந்தது. அவர் போட்ட சத்தம் அவர் விசிலைவிடப் பெரிது.

கையைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். நான் பெட்ரோல் கேனை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே மணலில் எறிந்தேன். பிறகு பட்டத்தின்மேல் திரும்ப உட்கார்ந்தேன். கத்தி ஆறும்வரை கீழே வைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கூட ஒரு கான்ஸ்டபிள். அவர்களுக்குப் பின்னால், நேற்று அடித்தவர்களில் இரண்டு பேர். ஒருவன் முன்கையில் கட்டு, என் பல். அவர்கள் நடுவில் ஒரு பெரியவர். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். கைகள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருந்தன. முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டிய கை என்று பிறகு தெரிந்தது.

ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு விசில் முந்திக்கொண்டார். "சார், இந்தப் பொண்ணு என்னைத் தாக்கிடுச்சு சார். பழுத்த கத்திய வச்சு."

"அதையும் எழுதிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். என் முகத்தில் உறைந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். "ரெண்டு பேரோடதையும் எழுதிக்கலாம். முதல்ல எந்திரிம்மா."

எழுந்தேன். யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. வெள்ளைத் துணியின் ஓர் ஓரத்தை எடுத்து அந்தப் பெரியவரின் கையில் கொடுத்தேன்.

"என்னம்மா இது?"

"உங்க மகன் போன பட்டம். கிழிச்சுப் பாருங்க."

"எதுக்கு?"

"கிழிங்க ஐயா."

இரண்டு விரலால்தான் பிடித்திருந்தார். லேசாக இழுத்தார். கிழிந்தது. நின்று, கையைப் பார்த்தார். இன்னொரு இடத்தில் பிடித்து இழுத்தார். கிழிந்தது. ஊறிய காகிதம் மாதிரி, சத்தமே இல்லாமல். ஆரஞ்சை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தார், கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

"ஆரஞ்சு புதுசு" என்றேன். "வெளுத்துப் போச்சுன்னு மாத்தியிருக்காங்க. வெள்ளை வெளுக்கலன்னு விட்டுட்டாங்க. மாத்தச் சொன்னது மேனேஜர். மாத்திட்டு வட்டம் போட்டது மேஸ்திரி, என் பெரியப்பா." பெரியப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். "காத்து சரியாதான் இருந்துச்சு. அது மேலயே கிழிஞ்சிருக்கு. என் அண்ணனுக்கு இதுல சம்பந்தம் இல்ல. பட்டம் சொங்கியா இருக்குன்னு அவன் முன்னாடியே ஒருத்திகிட்ட சொல்லியிருக்கான்."

"யார்கிட்ட?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெரியவர் கேட்டதாகத் தெரியவில்லை. குனிந்து வெள்ளைத் துணியை அள்ளினார். நீளவாக்கில் கிழித்தார். கிழித்ததைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். யாரும் தடுக்கவில்லை. உறவுக்காரர்களில் ஒருவன், "சித்தப்பா, போதும்" என்றான். அவர் நிறுத்தவில்லை. ஒரு கை அகலத்துக்கு ஒரு துண்டு. ஏதோ அளந்து வாங்க வந்தவர் மாதிரி வரிசையாகக் கிழித்துக்கொண்டே போனார். கடைசியில் பட்டத்தின் ஓரத்துக்கு வந்தார். அங்கே பிளாஸ்டிக் உறையில் அட்டை கட்டியிருந்தது. தேதி, எண், கையெழுத்து. கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நல்லா இருக்குன்னு போட்டிருக்கே."

"ஆமா."

"யாரு போட்டது?"

"நான்தான். அண்ணன் சொன்னதும் என்கிட்டதான். பாத்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. நான் கீழே விழவில்லை. இரண்டாவது அடி காதோடு சேர்த்து விழுந்தது, மேஜையில் போய் மோதினேன். கான்ஸ்டபிள் முன்னால் வந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினாரா, நிறுத்தவில்லையா என்று எனக்குத் தெரியாது. காதில் ஒரே இரைச்சல். மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கினார். ஓங்கிய கையில் வெள்ளைத் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உதறினார். போகவில்லை. மறுபடி உதறினார்.

"என் புள்ளையும் படிச்சவன்தான்" என்றார். "எங்க வம்சத்துலயே அவன்தான். அட்டை இருக்கா, கையெழுத்து இருக்கா, எல்லாத்தையும் பாத்துட்டுதான் ஏறியிருப்பான். படிச்சவங்க போட்டா சரியா இருக்கும்னு நெனைக்கிறவன்."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார், கிழித்த துணிகளுக்கு நடுவில். கையில் கட்டுப் போட்டிருந்தவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். போகும்போது என்னைப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் அட்டையையும் என் நோட்டையும் வாங்கிக்கொண்டார். ஒரு வெள்ளைத் துண்டையும் ஓர் ஆரஞ்சுத் துண்டையும் கான்ஸ்டபிளிடம் கொடுத்து உறையில் போடச் சொன்னார். தையல் மேஜையில் இடம் ஒதுக்கி, ஒரு தாளை விரித்தார்.

"உங்க அண்ணன் மேல போட்டத மாத்திக்கலாம். ஆனா இப்ப நீ சொன்னத எழுதிக் குடுத்தாதான் மாத்த முடியும். குடுத்தா அது உனக்குத்தான் சேரும். புரியுதா?"

"புரியுது."

"எழுத ஆள் வேணுமா?"

"வேணாம் சார். எழுதத் தெரியும்."

எழுதினேன். அறுநூற்று எழுபது, அறுநூற்று இருபது, தொள்ளாயிரத்துப் பத்து. பஸ் ஸ்டாப்பில் அண்ணன் சொன்னது. நான் சொன்ன பதில், சொன்ன வார்த்தையிலேயே. புருவத்திலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் வேறு தாள் தந்தார். முதலிலிருந்து எழுதினேன். அடுத்த அறையில் மேஸ்திரியின் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது, நின்றது, மறுபடி ஓடியது.

கடைசியில் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் தாளைத் தூக்கி அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒன்னாத்தான் இருக்கு" என்றார்.

"ஆமா சார். மாத்திப் போடத் தெரியாது."